நெல் ஆலைக் கணினியில் தொலைந்த நொடிகள்: வளையப் பஃபரை வைத்து ஒரு தாமதத்தைப் பிடித்த பதிவு

சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் லொறித் தராசுக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள், பெரும்போக வேளாண்மை வெட்டுத் தொடங்கி வாகனங்கள் வரிசைகட்டியதும் இடையிடையே நின்று நின்று ஓடத் தொடங்கியது. லொறியோ பெட்டி பூட்டிய உழவு இயந்திரமோ மேடையில் ஏறி, நிறை அசையாமல் நின்று, காசாளர் ‘சேமி’ என்பதை அழுத்தினால் நிறை அச்சிட்ட துண்டு உடனே வெளிவர வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் வந்தது. ஆனால் நாளுக்குச் சில தடவைகள் திரை ஆறேழு நொடிகள் உறைந்து நின்று, அதன் பிறகே துண்டு வந்தது. காசாளர் தொலைபேசியில் “தம்பி, மறுகாவும் நிண்டுட்டு” என்று சொல்லும் நேரத்தில் அது சரியாகியும் விடும். கல்லடியில் இருந்து கல்முனை வீதியால் போய்ச் சேர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. வேண்டுமென்று வரவழைக்க முடியாத கோளாறு என்பதால், நடந்தபின் திரும்பிப் பார்க்கக்கூடிய பதிவு ஒன்றை முதலில் உண்டாக்க வேண்டியிருந்தது.

கணினி ஒரு பழைய மேசைக் கணினி. நான்கு கோர், 4 ஜிபி நினைவகம், சுழலும் ஹாட் டிஸ்க் ஒன்று, லினக்ஸ், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, தரவுத்தளம் எஸ்கியூலைட். அலுவலகத்துக் கமராக்களின் காணொளியைப் பதியும் மென்பொருளையும் ஆலைக்காரர்கள் அதே கணினியில்தான் ஓட்டுகிறார்கள். சேமிப்புக்கு எத்தனை மில்லிநொடி போனது என்று என் மென்பொருளின் லொக் சொன்னது. அந்த நேரத்தில் கணினி யாருக்காக வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அது சொல்லவில்லை. நொடிக்கு ஒரு தடவை சராசரி காட்டும் கருவிகளில் டிஸ்க் சுறுசுறுப்பாக இருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எந்தப் புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரல், எந்தக் கணத்தில் எதற்காகக் காத்திருந்தது என்பதை அறிய, இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்குள் நடப்பதை நிகழ்வு நிகழ்வாகப் பதிவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

முதல் பதிவும் அதன் ஓட்டைகளும்

கையில் முதலில் அகப்பட்டது பேர்ஃப் என்ற பதிவுக் கருவி. 2009ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.6.31இல் இருந்து கேர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வரும் கருவி அது. எல்லாக் கோர்களிலும் புரோசஸ் மாறும் நிகழ்வையும், டிஸ்குக்குக் கோரிக்கை போகும் நிகழ்வையும், அது முடிந்து திரும்பும் நிகழ்வையும் பதியச் சொல்லிவிட்டு, எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்று காட்டும் அழைப்புச் சங்கிலியையும் சேர்த்து ஓடவிட்டேன். கோப்பு விரைவாகப் பருத்தது. முடக்கம் ஒன்று வந்ததும் நிறுத்தி அறிக்கையைத் திறந்தபோது, நிகழ்வுகள் தொலைந்துவிட்டன என்ற எச்சரிக்கைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. தொலைந்தவை எங்கே தொலைந்தன என்று பார்த்தால், பெரும்பகுதி அந்த ஆறேழு நொடிகளுக்குள்ளேயே இருந்தது. வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்த வலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது தற்செயல் அல்ல என்பது பஃபரின் அமைப்பைப் படித்தபோது விளங்கியது.

பேர்ஃப் ஒவ்வொரு கோருக்கும் ஒரு வளையப் பஃபரை, அதாவது முடிவுக்கு வந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பிச் சுற்றிச் சுற்றி எழுதப்படும் தற்காலிகச் சேமிப்பிடத்தை, வைத்திருக்கிறது. அது கேர்னலும் பயனர் நிரலும் பகிர்ந்துகொள்ளும் நினைவகப் பகுதி. அதன் அளவு எப்போதும் இரண்டின் அடுக்காக அமையும் தரவுப் பக்கங்களும் (பக்கம் என்பது நினைவகத்தின் நிலையான அளவுத் துண்டம்), அவற்றுக்கு முன்னால் ஒரு தலைப்புப் பக்கமும் ஆகும். அந்தத் தலைப்புப் பக்கத்தில் ‘தலை’, ‘வால்’ என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. கேர்னல் ஒரு நிகழ்வை எழுதி முடித்ததும் தலையை முன்னகர்த்துகிறது. பேர்ஃப் நிரல் வாசித்து முடித்த அளவுக்கு வாலை முன்னகர்த்துகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ளதே இன்னும் வாசிக்கப்படாத தரவு. பூட்டு எதுவும் கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு எண்ணையும் ஒரு தரப்பு மட்டுமே மாற்றுகிறது. கோருக்கு ஒரு பஃபர் என்று பிரித்து வைத்ததால் ஒரு கோர் மற்றக் கோருக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவும் 8 பைட் தலைப்போடு தொடங்குகிறது: பதிவின் வகைக்கு 4 பைட், உதிரிக் குறிகளுக்கு 2 பைட், நீளத்துக்கு 2 பைட். நீளத்துக்கு இரண்டே பைட் என்பதால் ஒரு பதிவு 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது.

வளையம் நிறைந்திருக்கும்போது புதிய நிகழ்வு ஒன்று வந்தால் கேர்னல் காத்திருக்காது, காத்திருக்கவும் முடியாது. புரோசஸ் மாறும் இடத்திலும் வன்பொருள் அழைக்கும்போது ஓடும் இடையீட்டுக் கையாளிகளுக்குள்ளும் அந்த எழுத்து நடக்கிறது; அங்கே நின்றால் கணினியே நின்றுவிடும். எனவே அது நிகழ்வை விட்டுவிட்டு, விட்டவற்றின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி இடம் கிடைத்ததும் ‘இத்தனை தொலைந்தன’ என்ற தனிப்பதிவை வளையத்துக்குள் எழுதுகிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. எத்தனை தொலைந்தன, எந்த இரண்டு பதிவுகளுக்கு இடையில் தொலைந்தன என்பது வரைக்கும் அது சொல்லிவிடுகிறது. அந்தப் பதிவைக் கவனிக்காமல் வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு, முடக்க நேரத்தில் கணினி ஒரு வேலையும் இல்லாமல் அமைதியாக இருந்தது போலத் தோன்றும். நடந்ததற்கு நேர்மாறான முடிவு அது.

இழப்பு ஏன் முடக்கத்தின் போதே நிகழ்ந்தது என்பது அடுத்த கேள்வி. பேர்ஃப் வளையத்தில் இருந்து எடுத்ததைக் கோப்பில் எழுதுகிறது. அந்தக் கோப்பு இருந்தது அதே ஹாட் டிஸ்கில். சாதாரண வேளையில் அந்த எழுத்து நினைவகத்தில் உள்ள பக்கத் தேக்கத்தில் போய் விழுவதால் டிஸ்க் மெதுவாக இருந்தாலும் பேர்ஃபுக்குத் தெரியாது. ஆனால் டிஸ்குக்குப் போகாமல் தேங்கிய பக்கங்கள் கேர்னல் அனுமதிக்கும் வரம்பை நெருங்கும்போது, எழுதும் புரோசஸைக் கேர்னலே தடுத்து மெதுவாக்குகிறது. டிஸ்க் திணறும் நேரத்தில் பேர்ஃபும் எழுத முடியாமல் நிற்கிறது; வால் நகரவில்லை; தலை நகர்ந்து வாலைப் பிடித்துவிடுகிறது; நிகழ்வுகள் தொலைகின்றன. எந்த வளம் திணறுகிறது என்று பார்க்க வந்தோமோ, அதே வளத்தில் பதிவையும் கொண்டுபோய் வைத்தால் இதுதான் நடக்கும். அதோடு, பேர்ஃப் எழுதிய மெகாபைட்டுகளும் டிஸ்கின் சுமையைக் கூட்டின என்பதால், முடக்கத்தின் நீளத்தைக்கூட அந்தப் பதிவை வைத்து நம்ப முடியாது.

ஆகவே கோப்பை நினைவகத்தில் இயங்கும் டெம்ப்எஃப்எஸ் அடைவுக்கு மாற்றினேன். அதன் பின் பஃபரின் அளவு. பேர்ஃப் தானாக எடுத்துக்கொள்வது கோருக்கு 512 கிலோபைட், அதாவது 4 கிலோபைட் பக்கங்கள் 128. அழைப்புச் சங்கிலி இல்லாத ஒரு நிகழ்வுக்கு 100 பைட் என்று வைத்து, ஒரு கோரில் நொடிக்கு 5,000 நிகழ்வுகள் வந்தால், வளையம் ஏறத்தாழ ஒரு நொடியில் நிறைந்துவிடும். வாசிக்கும் நிரல் ஏழு நொடிகள் தாமதித்தாலும் தாங்க வேண்டுமானால் கோருக்கு 4 மெகாபைட் வேண்டும். அழைப்புச் சங்கிலி இருந்தால் அதுவும் போதாது. சங்கிலியை நீக்கி, எனக்கு வேண்டாத நிகழ்வுகளை வடிகட்டிவிட்டு, 8 மெகாபைட் கொடுத்தேன். வடிகட்டியைக் கேர்னலுக்குள்ளேயே வைப்பது முக்கியம். வேண்டாத நிகழ்வு வளையத்துக்குள் போகாமலே நின்றால்தான் பயன் உண்டு. கோப்பைத் திறந்தபின் வடிகட்டுவது கண்ணுக்கு உதவுமே ஒழிய பஃபருக்கு உதவாது.

நிகழ்வுகள் தொலைவது நின்றது. ஆனால் இந்த வழியில் வேறொரு இடைஞ்சல் இருந்தது. முடக்கம் எப்போது வரும் என்று தெரியாததால் பகல் முழுவதும் பதிய வேண்டும். பகல் முழுவதும் பதிந்தால் 4 ஜிபி நினைவகத்தில் டெம்ப்எஃப்எஸ் தாங்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு என்று வெட்டிப் பழையதை அழிக்கலாம்தான். ஆனால் கண்டபடி எல்லாவற்றையும் வளையத்தில் இருந்து எடுத்துக் கோப்பாக்கி, அந்தக் கோப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை வாசிக்காமலே அழிப்பது வீண்வேலை. வளையத்தைவிட்டு வெளியே எடுக்காமலே பழையதை அழித்துக்கொண்டு போகும் முறை இருக்கும்போது அது எதற்கு?

பழையதை விடுவதா, புதியதை விடுவதா

நிறைந்த பஃபர் எதைக் கைவிட வேண்டும் என்பதற்கு இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, குளம் நிறைந்ததும் புதிதாக வரும் நீர் வான் பாய்ந்து வெளியேறுவதைப் போல, உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டு புதியதைக் கைவிடுவது. மற்றது, மிகப் பழையதன் மேல் புதியதை எழுதுவது. எல்டிடிஎன்ஜி என்ற பதிவுக் கருவியில் இந்த இரண்டும் ‘சானல்’ எனப்படும் பதிவு வழி ஒவ்வொன்றுக்கும் தெரிவு செய்யக்கூடிய முறைகளாகவே இருக்கின்றன. விண்டோஸ் 2000 காலம் தொட்டு இருக்கும் ஈடிடபிள்யூ என்ற நிகழ்வுப் பதிவு முறையிலும், ஜாவாவின் ஃப்ளைட் ரெக்கோடரிலும் இதே பிரச்சினைக்கு அவரவர் விடைகள் உண்டு. ஒரு வேலையைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை அளப்பவருக்கு முதல் முறை பொருந்தும், ஏனென்றால் பதிவு எங்கே நின்றதோ அதுவரைக்கும் முழுமையாக இருக்கும். எப்போதாவது வரும் முடக்கத்தைத் தேடுபவருக்கு அந்த முறை உதவாது. காலை எட்டு மணிக்கு நிறைந்த பஃபர் பிற்பகல் மூன்று மணி முடக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எனக்கு வேண்டியது இரண்டாவது. பேர்ஃபிலும் அந்த வசதி உண்டு என்றாலும், 2008இல் லினக்ஸ் 2.6.27இல் வந்த எஃப்ட்ரேஸ் என்ற கேர்னலின் பதிவு வசதி இயல்பிலேயே அப்படித்தான் நடக்கிறது என்பதாலும், வாசிக்கும் நிரல் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதாலும் அதற்கு மாறினேன். எல்லாமே கோப்புகளில் எண்ணை எழுதி நடத்தும் வேலை.

எஃப்ட்ரேஸின் வளையம் பேர்ஃபினுடையதைப் போல ஒரே நீளப் பட்டை அல்ல. பக்கங்களை ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. வாசிப்பவருக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வாசிக்க வரும்போது அந்த வெற்றுப் பக்கம் சங்கிலிக்குள் போய், மிகப் பழைய பக்கம் வெளியே வருகிறது. எழுதுபவர் இதனால் நிற்பதில்லை. இடம் தீரும்போது பழைய நிகழ்வுகள் ஒவ்வொன்றாகப் போவதில்லை, ஒரு முழுப் பக்கமாகவே போகின்றன.

இங்கே நான் தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன், ஏனென்றால் 4 ஜிபி கணினியில் பஃபரின் அளவை ஊகத்தில் வைக்க மனம் வரவில்லை. 64 பிட் கணினியில் 4,096 பைட் பக்கத்தின் முதல் 16 பைட், பக்கத்தின் தொடக்க நேரத்துக்கும் எவ்வளவு எழுதப்பட்டது என்ற எண்ணுக்கும் போகிறது. மீதி 4,080. புரோசஸ் மாறும் நிகழ்வு, போகும் புரோசஸின் பெயருக்கு 16 பைட், வரும் புரோசஸின் பெயருக்கு 16 பைட், எண்கள், முன்னுரிமைகள், நிலை, எல்லா நிகழ்வுக்கும் பொதுவான 8 பைட் என்று 64 பைட் எடுக்கிறது. அதன் முன்னால் வளையத்தின் 4 பைட் தலைப்பு. ஆக 68 பைட். ஒரு பக்கத்தில் சரியாக 60 நிகழ்வுகள். அந்த 4 பைட்டுக்குள் நேரமும் அடங்கியிருப்பதுதான் இதில் உள்ள கெட்டித்தனம். முழு நேரம் பக்கத்தின் தலைப்பில் ஒரு தடவை மட்டும் எழுதப்படுகிறது. ஒவ்வொரு நிகழ்வும் முந்தியதில் இருந்து எத்தனை நனோநொடி தள்ளி வந்தது என்பதை 27 பிட்டில் வைத்துக்கொள்கிறது. 27 பிட்டில் அடங்குவது ஏறத்தாழ 134 மில்லிநொடி. அதைவிட நீண்ட இடைவெளி வந்தால் நேரத்தை நீட்டும் சிறு பதிவு ஒன்று நடுவில் செருகப்படுகிறது.

தரப்பட்டிருக்கும் அளவு கோருக்கு 1,408 கிலோபைட், அதாவது 352 பக்கங்கள், 21,120 நிகழ்வுகள். நொடிக்கு 5,000 மாற்றங்கள் நடக்கும் கோரில் நான்கு நொடிகள்தான் நிலைக்கும். ஆறேழு நொடி முடக்கத்தின் முடிவில் பதிவை நிறுத்தினால் முடக்கத்தின் தொடக்கமே அழிந்து போயிருக்கும். 16 மெகாபைட் கொடுத்தால் 4,096 பக்கங்கள், 2,45,760 நிகழ்வுகள்; அதே வேகத்தில் 49 நொடிகள். டிஸ்க் நிகழ்வுகள், எழுதியதை டிஸ்கில் உறுதியாகச் சேர்க்கச் சொல்லும் எஃப்டேட்டாசிங்க் அழைப்பின் நுழைவு, அதன் வெளியேற்றம் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்தாலும் அரை நிமிடத்துக்குக் குறையாது. நான்கு கோருக்கு 64 மெகாபைட். இந்தக் கணினிக்குத் தாங்கும்.

கடிகாரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. எஃப்ட்ரேஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ‘லோக்கல்’ கடிகாரம் விரைவானது. ஆனால் ஒரு கோரின் நேரமும் மற்றக் கோரின் நேரமும் அதில் ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. என் மென்பொருள் ஒரு கோரில் எஃப்டேட்டாசிங்க் அழைக்க, கோப்பு முறைமையின் மாற்றக் குறிப்பேட்டை எழுதும் கேர்னலின் ஜேர்னல் இழை வேறொரு கோரில் அதற்குரிய கோரிக்கையை அனுப்பும்போது, எது முந்தியது என்பதில் சந்தேகம் வரக்கூடாது. ‘மோனோ’ கடிகாரத்தைத் தெரிவு செய்ததில் இன்னொரு வசதியும் கிடைத்தது: என் மென்பொருளின் லொக்கில் உள்ள நேரமும் அதே கடிகாரம் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்க முடிந்தது.

அடுத்தது, எப்போது நிறுத்துவது. மென்பொருளுக்குள்ளேயே சேமிப்பைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ‘ட்ரேஸ் மார்க்கர்’ என்ற கோப்பில் ஒரு வரி எழுதச் செய்தேன். துண்டின் இலக்கம் உட்பட அந்த வரி கேர்னல் நிகழ்வுகளுக்கு நடுவே அதே வளையத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சேமிப்பு இரண்டு நொடியைத் தாண்டி முடிந்தால் மென்பொருள் ஒரு சிறு துணை நிரலுக்குச் செய்தி அனுப்பும். ரூட் எனப்படும் முழு நிர்வாக உரிமையோடு ஓடும் அந்தத் துணை நிரல் பதிவைப் பிடித்துவைக்கும். இரண்டு நொடி கடந்த உடனே பிடிக்காமல் சேமிப்பு முடிந்தபின் பிடித்ததற்குக் காரணம், முடக்கம் எப்படி அவிழ்ந்தது என்பதும் எனக்கு வேண்டியிருந்தது. அரை நிமிட வளையத்தில் ஏழு நொடிகள் முழுதாகவே இருக்கும்.

முதலில் பதிவை முழுதாக நிறுத்திவிட்டுப் பிரதி எடுத்துப் பார்த்தேன். வாகனங்கள் நெருக்கமாக வரும் வேளையில் முடக்கங்களும் அடுத்தடுத்து வந்ததால், பிரதி எடுக்கும் நேரத்தில் இரண்டாவது முடக்கம் பதிவாகாமல் போனது. அதற்குத் தீர்வு ‘ஸ்னாப்ஷொட்’. அதே அளவில் இன்னொரு பஃபரை முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, வேண்டிய கணத்தில் இரண்டையும் இடம் மாற்றிவிடுகிறது கேர்னல். தரவு எதுவும் பிரதி செய்யப்படுவதில்லை, சுட்டிகள்தான் மாறுகின்றன. பதிவு வெற்றுப் பஃபரில் தொடர்கிறது. விலை, இருமடங்கு நினைவகம்: 128 மெகாபைட். ஸ்னாப்ஷொட்டில் இருப்பதை வெளியே எடுப்பதற்குள் அடுத்த ஸ்னாப்ஷொட் எடுத்தால் முந்தியது போய்விடும் என்பதால், எடுத்து முடியும்வரை அடுத்த செய்தியை ஏற்காதபடி துணை நிரலை எழுதினேன்.

வெளியே எடுப்பதிலும் ஒரு தெரிவு இருக்கிறது. எழுத்தாக வாசித்தால் கேர்னல் ஒவ்வொரு நிகழ்வையும் வாசிக்கத்தக்க வரியாக மாற்றித் தரும். 68 பைட்டாக இருந்தது நூற்றைத் தாண்டும், அந்த மாற்றத்துக்குக் கணிப்பு நேரமும் போகும். பச்சைப் பக்கங்களாகவே எடுத்தால் வேகம். ஆனால் நிகழ்வின் வடிவத்தைச் சொல்லும் ‘ஃபோர்மட்’ கோப்புகளையும் கூடவே எடுத்து வைக்காவிட்டால், கேர்னல் புதுப்பிக்கப்பட்ட பின் அந்தப் பக்கங்களை யாராலும் வாசிக்க முடியாது. நான் பச்சைப் பக்கங்களையும் ஃபோர்மட் கோப்புகளையும் சேர்த்து டெம்ப்எஃப்எஸ்ஸில் வைத்து, அங்கேயே சுருக்கி, தராசு மூடிய பின்னரே டிஸ்குக்கு மாற்றும்படி செய்தேன். கரண்ட் போனால் டெம்ப்எஃப்எஸ்ஸில் உள்ளது போய்விடுமே என்றால், போய்விடும்தான். யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்கும் மேலே போனால் ஒரு பதிவை இழப்பது, பதிவுக்காக டிஸ்கைத் தொட்டு அளவையே கெடுப்பதைவிட மேல் என்று எடுத்துக்கொண்டேன்.

வாசிக்குமுன் பார்க்க வேண்டிய எண்கள்

பிடிபட்ட பதிவைத் திறந்ததும் நிகழ்வுகளுக்குப் போகாமல், ஒவ்வொரு கோருக்கும் கேர்னல் வைத்திருக்கும் புள்ளிவிவரக் கோப்பைப் பார்த்தேன். ‘ஓவர்ரன்’ என்ற எண் பெரிதாக இருந்தது. மேலெழுதும் முறையில் அது இருக்க வேண்டியதுதான். அழிந்துபோன பழைய நிகழ்வுகளின் எண்ணிக்கை அது. ‘கொமிட் ஓவர்ரன்’ என்பது பூச்சியமாக இருந்தது. நாம் பார்க்கும் காலத்துக்குள் ஓட்டை இல்லை என்று நம்ப அதுவே அடிப்படை.

அதைவிட முக்கியமான எண், கோரில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நிகழ்வின் நேரம். எல்லாக் கோர்களுக்கும் ஒரே அளவு பஃபர் கொடுத்தாலும் எல்லாமே ஒரே அளவு காலத்தை வைத்திருப்பதில்லை. டிஸ்கின் இடையீடுகளை வாங்கும் கோரில் நிகழ்வுகள் கூட வருவதால் அதன் வளையம் சுமார் 35 நொடி பின்னால்தான் போனது. சும்மா கிடந்த கோரில் பல நிமிடத்துப் பழையவை இருந்தன. நான்கையும் ஒன்றாக்கிக் காட்டும் பட்டியலின் மேற்பகுதியில், ஒரு கோரின் நிகழ்வுகள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். நான்கு ‘மிகப் பழைய’ நேரங்களில் எது கடைசியானதோ, அதற்குப் பின் உள்ளதையே முழுமையான பதிவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் உள்ளதை வைத்து ‘இந்தக் கோரில் அப்போது ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடிவு கட்டினால் பிழையாகிவிடும்.

அதன் பின்னரே நிகழ்வுகள். மார்க்கர் வரி துண்டின் இலக்கத்தைச் சொல்கிறது. அடுத்த மில்லிநொடிக்குள் என் மென்பொருள் எஃப்டேட்டாசிங்க் அழைப்புக்குள் நுழைகிறது; உடனே ‘டி’ நிலையில், அதாவது டிஸ்குக்காகக் காத்திருந்து எழுப்ப முடியாத உறக்கத்தில், கோரை விட்டு இறங்குகிறது. ஜேர்னல் இழை எழுந்து சில கோரிக்கைகளை அனுப்புகிறது, அவை முடிகின்றன. பிறகு ‘எஃப்’ என்ற குறியோடு ஒரே ஒரு கோரிக்கை டிஸ்குக்குப் போகிறது. அது ஃப்ளஷ்: ஹாட் டிஸ்க் தன் உள்நினைவகத்தில் தேக்கி வைத்திருப்பதை எல்லாம் தட்டில் எழுதி முடித்துவிட்டுச் சொல் என்ற கட்டளை. அந்தக் கோரிக்கை அனுப்பப்பட்ட வரிக்கும் அது முடிந்த வரிக்கும் இடையில்தான் ஆறு நொடிகள் கிடந்தன. அதற்கு முந்திய நொடிகளைப் பின்னோக்கிப் பார்த்தால், கேர்னலின் எழுதும் இழை காணொளிக் கோப்புகளின் பக்கங்களைச் சரம் சரமாக அனுப்பியிருந்தது; எழுத வேண்டிய இடங்களின் எண்கள் டிஸ்கின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்குமாகத் தாவின. டிஸ்க் அவற்றை வாங்கித் தன் உள்நினைவகத்தில் போட்டுக்கொண்டு ‘முடிந்தது’ என்று உடனுக்குடன் சொல்லியிருந்தது. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. சிதறிய இடங்களில் எழுத வேண்டியவை நூற்றுக்கணக்கில் தேங்கினால் கணக்கு நொடிகளில்தான் வந்து நிற்கும். காணொளியின் கடனை என் சிறு துண்டு அடைக்க வேண்டியிருந்தது. அதுவும், அந்தக் கடன் ஏறிய நொடிகள் முடக்கத்துக்கு முந்தியவை. முடக்கம் தொடங்கியபின் மட்டும் பதிந்திருந்தால் நீண்ட ஃப்ளஷ் ஒன்று தெரிந்திருக்கும். ஏன் நீண்டது என்பது தெரிந்திருக்காது.

திருத்தம் சிறியது. காணொளிக்கு வேறொரு டிஸ்க் போட்டுக் கொடுத்தோம். எஸ்கியூலைட்டை, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முன்னெழுத்து லொக் முறைக்கு மாற்றினேன். அந்த முறையில் ஒத்திசைவை ‘நோர்மல்’ என்று தளர்த்தினால் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஃப்ளஷ் போகாது, இன்னும் வேகமாக இருக்கும். ஆனால் கரண்ட் போகும்போது தரவுத்தளம் கெடாவிட்டாலும் கடைசிச் சில துண்டுகள் இல்லாமல் போகலாம். விவசாயியின் கையில் துண்டு இருக்க, கணினியில் அந்த நிறை இல்லை என்ற நிலை நெல் ஆலையில் வரக்கூடாது. ‘ஃபுல்’ என்றே விட்டுவிட்டேன். அதன் பின் சேமிப்புகள் நொடியின் சிறு பங்குக்குள் முடிகின்றன.

வெட்டுக் காலம் முடியும்வரை பதிவை நிறுத்தாமல் சிறிதாக்கி வைத்திருக்கிறேன். புரோசஸ் மாறும் நிகழ்வுகளை நீக்கிவிட்டு டிஸ்க் நிகழ்வுகளையும் மார்க்கரையும் மட்டும் வைத்தால் கோருக்கு 4 மெகாபைட் தாராளம். எஃப்ட்ரேஸின் அமைப்புகள் கணினியை அணைத்தால் அழிந்துவிடும் என்பதால், பஃபரின் அளவையும் நிகழ்வுகளின் பெயர்களையும் கேர்னலின் தொடக்கக் கட்டளை வரியிலேயே எழுதிவிட்டேன். கணினி எழும்போதே பதிவும் தொடங்கிவிடுகிறது. இதற்கு வெளியே, சேமிப்பு நேரங்களின் நீண்டகாலப் போக்கை அறிய நிகழ்வுகள் தேவையே இல்லை. 1 மில்லிநொடிக்குள், 2க்குள், 4க்குள், 8க்குள் என்று இரட்டித்துப் போகும் 16 பெட்டிகளில் எண்ணிக்கையை மட்டும் கூட்டி, நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதுகிறது மென்பொருள். பெட்டிக்கு 4 பைட். நிமிடத்துக்கு 64 பைட். ஒரு நாளுக்கு 90 கிலோபைட். சராசரியை எழுதியிருந்தால் ஆறு நொடி முடக்கம் ஒன்று நூறு நல்ல சேமிப்புகளுக்குள் கரைந்து போயிருக்கும். பெட்டியில் அது கடைசிப் பக்கத்தில் தனியாக நிற்கும். அந்தக் கடைசிப் பெட்டிகளில் எண் விழுந்த நாளில் மட்டும் ஸ்னாப்ஷொட் கோப்பைத் திறக்கிறேன்.